ஜாம் போத்தலில் தந்த தேத்தண்ணி

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள்: துரை, முன்பக்கம், பத்திரிகையோடு. துரைசாணி, பியானோவுக்குப் பக்கத்தில், கையில் கோடு போடுகிற அடிமட்டம். அவர்கள் மகள், ஒன்பது வயது, எல்லோருக்கும் பேபி, பியானோவில். சனிக்கிழமை மட்டும் வருகிற தோட்டக்காரக் கிழவன், இடது காது கேட்காது. மேஜர் என்கிற நாய். சமையல்கட்டில் நான்.

பத்து நாற்பதுக்கு நான் அந்தக் கணக்கில் இல்லை.

ஓடுகிறேன். 1971 செப்டம்பர், மூன்றாவது சனிக்கிழமை. சிட்னி, பிம்பில். பின்வேலிக்கு அந்தப் பக்கம் புல். புல்லைத் தாண்டினால் ரயில் பாதை. காலில் துரைசாணியின் பழைய செருப்பு, எனக்குப் பெரிது. ரவிக்கைக்குள் நாலு கடிதம். இடுப்பில் ஒரு காகிதப் பொட்டலம், மிளகாய்த்தூள். பின்னால் பியானோ கேட்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது. பத்தரையில் இருந்து பதினொன்று வரை பேபி வாசிக்க வேண்டும். பிழை விட்டால் அடிமட்டம் விரலில் விழும். பியானோ நிற்காதவரை எனக்கு நேரம் இருக்கிறது.

பியானோ நிற்கிறது.

நானும் நின்றேன். மூச்சு விடவில்லை. டக். அடிமட்டச் சத்தம். அழுகை. மறுபடி பியானோ. அந்தப் பிள்ளை அடி வாங்கியதில் நான் பிழைத்தேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

திரும்பிப் பார்க்கிறேன். நாய். வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. இரண்டு வருடம் எட்டு மாதம் அதற்குச் சோறு போட்டவள் நான். குரைக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அது குரைக்க வேண்டியதில்லை. கூட வந்தாலே போதும்.

"போ! வீட்டுக்குப் போ!"

உட்கார்ந்தது. நான் நடந்தால் எழுந்தது. பொட்டலத்தைப் பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை துரை கறி கேட்பார், அதற்கு வைத்திருந்த தூள். அள்ளி அதன் முகத்தில் எறிந்தேன். அது போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. ரயில் போனபின் நாய் இல்லை.

இதை எழுதும்போதுகூட எழுந்துபோய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன்.

என் பெயர் மாரியாயி. துரைசாணி என்னை மேரி என்றாள். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. புருஷன் மரம் விழுந்து செத்தான். மகள் ஒருத்தி, பூமணி. எங்கள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, வேலையை விட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது சமைக்க ஆள் வேண்டும் என்றார். மாதம் இருபது டாலர் கையில். ஐம்பது ரூபாய் பூமணிக்கு நேரே போகும். பெருவிரலில் மை தடவி அழுத்தினார்கள். அப்போது பூமணிக்கு ஐந்து வயது. என் அக்காவிடம் விட்டேன். 1969 ஜனவரி.

வந்து இறங்கிய அன்றே என் பாஸ்போர்ட்டைத் துரை வாங்கி மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார். உடுப்புத் துவைக்கிற அறையில் எனக்குப் படுக்கை. தாழ்ப்பாள் வெளியில். காலை ஐந்தேகாலுக்கு அது திறக்கும் சத்தம். கிளிக், கிறீச். துரைசாணியிடம் காசு கேட்டேன். "பத்திரமாக இருக்கிறது, மேரி. நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அல்லவா?" இரண்டாம் தடவை கேட்டபோது தலைவாரும் பிரஷ்ஷால் இடது காதோடு அடித்தாள். அந்தக் காதில் இப்போதும் இரைச்சல்.

சம்பளமில்லாமல் இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் ஒரு சிப்பாய்.

அது 1971 பெப்ரவரி. வியட்நாம் யுத்தத்தில் இருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் சில நாள் லீவில் சிட்னிக்கு வருவார்கள். நல்ல குடும்பங்கள் அவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும். துரைசாணியும் பெயர் கொடுத்தாள். வந்தவன் கறுப்பு. என்னைவிடக் கறுப்பு. கதவைத் திறந்த துரைசாணியின் வாயில் வரவேற்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். அவன் பெயர் எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவனுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று இன்றைக்கும் பயம்.

சாப்பாட்டு நடுவில் பேபி ஒரு காகிதப் பையை ஊதி உடைத்தாள். பட். அவன் உட்கார்ந்திருந்த கதிரை விழுந்தது. அவன் மேசைக்கடியில் குப்புறக் கிடந்தான், இரண்டு கையும் தலைமேல். "டவுன்! எல்லாரும் டவுன்!" என்று கத்தினான். துரை சிரித்தார். துரைசாணி சிரித்தாள். குழம்புச் சட்டியோடு நானும் தரையில் இருந்தேன். அவன் போட்ட சத்தத்துக்கு என் முழங்கால் தானாக மடிந்துவிட்டது. மேசைக்கடியில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

கண்ணாடியை வேண்டுமென்றே மறந்துவிட்டுப் போனான். செவ்வாய்க்கிழமை மதியம் எடுக்க வந்தான். துரைசாணி சீட்டு விளையாடப் போயிருந்தாள். துவைக்கிற அறையின் படியில் அரைமணி நேரம் உட்கார்ந்தான். தாழ்ப்பாளை விரலால் தள்ளிப் பார்த்தான்.

"உனக்கு என்ன சம்பளம்?"

"துரைசாணி வச்சிருக்காங்க."

"வெளியே போவாயா?"

"காய் வாங்க. கோர்டனுக்கு. வெள்ளிக்கிழமை. துரைசாணியோட."

அவன் தன் பாட்டியின் அம்மாவைப் பற்றி, தன் பூட்டியைப் பற்றிச் சொன்னான். எனக்குத் தெரிந்தது பங்களா இங்கிலீஷ். விளங்காத இடத்தில் கையால் காட்டினான்.

அவள் அமெரிக்காவில், கென்டக்கியில் அடிமை. விலை கொடுத்து வாங்கினவர்கள் வீட்டில் சமையல். அவளுக்கும் பெயரை மாற்றினார்கள். அவளும் குடும்பத்தில் ஒருத்தி என்றார்கள். கடன் வந்தபோது அந்தக் குடும்பத்துக்காரன் அவள் மகளை விற்றான். நாலு வயது. தெற்கே, பருத்திக் காட்டுக்கு. வண்டி போன பிறகுதான் அவளுக்குத் தெரியும். அவள் ஓடினாள். சனிக்கிழமை பார்த்து ஓடினாள். ஞாயிறு அச்சுக்கூடம் திறக்காது, திங்கள் வரைக்கும் ஓடிப்போனவளைப் பற்றி நோட்டீஸ் அடிக்க முடியாது. நாய்களுக்கு மோப்பம் பிடிபடக் கூடாதென்று வழியெல்லாம் மிளகுத்தூள் தூவினாள். ஓஹையோ என்று ஒரு ஆறு, அதைக் கடந்தாள். அந்தக் கரை விடுதலை. ஆனால் அந்தக் கரையிலும் பிடித்துக் கட்டித் திருப்பி அனுப்பச் சட்டம் இருந்தது. பிடித்துக் கொடுத்தால் காசு. காசுக்காகக் கறுப்பன் கறுப்பனைக் காட்டிக்கொடுத்ததும் உண்டு.

"உன்னை மாதிரி முகம் இருக்கிறது என்பதற்காக ஒரு கதவைத் தட்டாதே," என்றான். இதை இரண்டு தடவை சொன்னான்.

அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் முடிந்து அடிமைகள் எல்லாரும் விடுதலை என்றான பிறகு அவள் கிறிஸ்தவக் கோயில் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டாளாம். என் மகள், இன்ன பெயர், இன்னாரிடம் விற்கப்பட்டாள், கண்டவர்கள் சொல்லவும். சாகும்வரை போட்டாள். பதில் வரவில்லை. கூலியும் வரவில்லை. எத்தனை வருடம் வேலை செய்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"நீ எழுதி வை," என்றான். "ஒவ்வொரு மாதமும்."

எழுந்து போனான். திரும்ப வியட்நாமுக்கு. உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவே துணிக்குப் போடுகிற நீலத்தைக் குச்சியில் தொட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் கோடு போட்டேன். மாதத்துக்கு ஒன்று. கடந்துபோன மாதங்களுக்கும் சேர்த்து.

செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை, துரைசாணியின் தையல் மேசையைத் துடைத்தேன். கீழ் லாச்சியில் நாலு கடிதம். இலங்கைத் தபால்தலை. உறை கிழிக்கப்படவில்லை. இங்கிலீஷில் என் பெயர். துரைசாணிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. திறந்துகூடப் பார்க்கவில்லை. சும்மா போட்டு வைத்திருந்தாள்.

குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு எழுத்துக்கூட்டி வாசித்தேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை மகனிடம் அக்கா சொல்லச் சொல்ல எழுதியது. முதல் கடிதம்: "தங்கச்சி, காசு ஒண்ணும் வரல. பூமணிக்குச் சட்டை இல்ல." இரண்டாவதும் காசு வரவில்லை என்றுதான். மூன்றாவது: "எங்களுக்கு இந்தியா போகப் பேர் வந்துருச்சு. பூமணியையும் எங்க புள்ளைன்னு பதிஞ்சாச்சு. கார்டு நம்பர் எழுதியிருக்கேன், பத்திரம்." நாலாவது: "அக்டோபர் கடைசியில தலைமன்னார்க் கப்பல். எந்த ஊருல எறக்குவாங்கன்னு தெரியாது. வேணாம்னா ஒரு தந்தி அடி. நிறுத்திக்கிறேன். புள்ள ஒன்னத்தான் கேக்குது."

தோட்டத்து ஆட்களைப் பேர் பதிந்து அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அக்டோபர் கடைசிக்கு ஆறு வாரம்.

ஒரு தந்தி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். காசு இல்லை. இங்கிலீஷ் எழுதத் தெரியாது. எனக்குத் தெரிந்த தமிழ் வீடு ஒன்றே ஒன்று. யாழ்ப்பாணத்து டாக்டர் வீடு, கோர்டனில், அடுத்த ஸ்டேஷன். துரைக்குச் சிநேகிதர். விருந்துக்குச் சமைக்கத் துரைசாணி என்னை ஒருநாள் அங்கே இரவல் கொடுத்திருந்தாள். அன்று டாக்டரம்மா மெதுவாகச் சொன்னாள், "ஏதும் தேவையெண்டால் வந்து சொல்லும் என்ன?" இரண்டு வருடத்தில் என் காதில் விழுந்த ஒரே தமிழ் அது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஓடினேன். சனிக்கிழமையை நினைவு வைத்திருந்தேன். தூளை நினைவு வைத்திருந்தேன். சிப்பாய் இரண்டு தடவை சொன்னதை மறந்தேன்.

பதினொன்று பத்து. டாக்டர் வீட்டுப் பின்கதவு. தட்டுகிறேன்.

"ஐயோ, நீரே? என்ன இந்தக் கோலம்? உள்ளுக்கு வாரும்."

வாசலில் செருப்பைக் கழற்றினேன். குசினி. மேசையில் ஆறு பீங்கான் கப், கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் அழுதுகொண்டே சொன்னேன். கடிதம். கப்பல். தந்தி.

"அம்மா, ஒரு தந்தி மட்டும் அடிச்சுக் குடுத்தா போதும். காச வேல செஞ்சு கழிச்சிருவேன்."

"ஓம் ஓம். பதறாதையும். கடிதங்களைத் தாரும், பாத்து விலாசம் எழுதிப்போட்டுத் தாறன். முதல்ல இருந்து தேத்தண்ணி குடியும்."

நாலையும் கொடுத்தேன். அவள் கேத்தலை அடுப்பில் வைத்தாள். கதிரையில் உட்காரப் போனேன். "இல்லை, இதில இரும்," என்று கதவோரம் ஒரு பலகையைக் காட்டினாள். தேத்தண்ணியை ஊற்றினாள். கப்புகளைத் தாண்டி அவள் கை அலுமாரிக்குப் போனது. ஒரு ஜாம் போத்தல். மேலே ஒட்டியிருந்த தாளில் பாதி கிழியாமல் இருந்தது. அதில் ஊற்றிப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். என் கையில் தரவில்லை. கடிதங்களோடு முன்னறைக்குப் போனாள்.

ஊரில் எங்கள் சாதி ஆட்களுக்கு வெளிவீடுகளில் தேங்காய்ச் சிரட்டையில் தருவார்கள். கடைகளில் தனித் தகரப் பேணி. சிட்னியில் சிரட்டை இல்லை. அதனால் ஜாம் போத்தல். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வீட்டில் நான் யார் என்று விளங்கிவிட்டது. யாருடைய ஆள் என்றும் விளங்கிவிட்டது.

முன்னறையில் போன் டயல் சுழலும் சத்தம். கிர்ர். கிர்ர். பிறகு இங்கிலீஷ். நல்ல சுத்தமான இங்கிலீஷ். உங்கள் மேரி இங்கேதான் இருக்கிறாள். இல்லை இல்லை, ஒரு சிரமமும் இல்லை. பிடித்து வைத்திருக்கிறேன்.

வெளிக்கிட்டு ஓட வேண்டும். கடிதம் முன்னறையில். வாசற்படிவரை போனேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பினாள். கடிதங்களை மடியில் அழுத்திக்கொண்டாள்.

"எங்க போறீர்? இரும் எண்டனெல்லோ!"

பிடுங்கியிருக்க வேண்டும். எட்டு அடி தூரம். இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் அந்த எட்டு அடியை நடந்து பார்க்கிறேன். அன்று நடக்கவில்லை. தெருவில் ஒரு ஹோல்டன் கார் கியர் மாற்றிய சத்தம். துரையின் கார்தான் என்று நினைத்தேன். துரையின் கார் இல்லை. அந்த நேரத்தில் வந்திருக்க முடியாது. ஆனால் என் கால் ஓடிவிட்டது. பின்வேலி ஏறிக் குதித்த பிறகுதான் கையைப் பார்த்தேன். ஜாம் போத்தல் இருந்தது. காலில் செருப்பு இல்லை.

பதினொன்று முப்பத்தைந்து. கோர்டன் ஸ்டேஷன் பக்கம் கடைத்தெரு. அங்கே ஒரு கிரேக்கக்காரி காய்கறிக் கடை வைத்திருந்தாள். கத்தரினா. வெள்ளிக்கிழமைகளில் துரைசாணி விலை பேசும்போது எனக்கு ஒரு தோடம்பழம் தருவாள், யாருக்கும் தெரியாமல் பைக்குள் போடுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. என் வெறுங்காலைப் பார்த்தாள். என் காதில் இருந்த அடித் தழும்பைப் பார்த்தாள்.

"இன்! இன்! குயிக்!"

உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பின்னால் தள்ளினாள். மேலே வெறும் சாக்கைப் போட்டாள். மண் வாசம். சாக்கு ஓட்டையால் ஒரு துண்டு வாசல் தெரிந்தது.

கார் வந்தது. இந்தத் தடவை துரையின் கார்தான். இரண்டாவது கியரில் பல் கடிக்கிற சத்தம். அதற்கு முன்னாலேயே வேறொன்று வந்துவிட்டது. மேஜர். கண் இரண்டும் சிவந்து வீங்கி, நீர் வழிய, கடை வாசலில் உட்கார்ந்து, சாக்குகளைப் பார்த்து வாலை ஆட்டியது.

துரைசாணியின் செருப்புச் சத்தம். டக் டக் டக்.

"என்னுடைய வேலைக்காரியைப் பார்த்தாயா? கறுப்புப் பெண்."

"நோ இங்கிலீஷ்," என்றாள் கத்தரினா. நாள் முழுவதும் இங்கிலீஷில் கூவி விற்கிறவள்.

"மேரி! மேரி! இங்கே இருக்கிறாளா? என் நாய் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறது?"

"யுவர் டாக்?" கத்தரினாவுக்கு இங்கிலீஷ் திரும்பி வந்துவிட்டது. "யுவர் டாக் என் கேரட்டைத் தின்றது! இருபது சென்ட்! கொடு, கொடு!"

தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். துரைசாணிக்கு அது தாங்காது. பர்ஸைத் திறந்தாள். சில்லறை விழும் சத்தம். நாயைக் கழுத்துப் பட்டியில் இழுத்தாள். அது நகரவில்லை. துரை இறங்கி வந்து தூக்கிக்கொண்டு போனார். கார்க் கதவு. கியர். பன்னிரண்டு மணிக்குக் கடை ஷட்டர் இறங்கிய சத்தம். அப்படி ஒரு நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

கத்தரினா சாக்கை எடுத்துவிட்டு அந்த இருபது சென்ட்டை என் கையில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிற்காமல் வந்தது.

திங்கட்கிழமை தந்தி அடித்தோம். கத்தரினாவின் காசு. என் நினைவில் இருந்த விலாசம் தோட்டத்தின் பெயர் மட்டும். தந்தி தோட்டத்து ஆபீசுக்குப் போயிருக்கும். அக்கா கைக்குப் போனதா, தெரியாது. பதில் இல்லை. மேரிக்வில்லில் கத்தரினாவின் தங்கை வேலை செய்த தையல் ஃபாக்டரியில் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் காசு அனுப்பினேன். டிசம்பரில் காசு திரும்பி வந்தது. உறையின் மேல் எழுதியிருந்தது: இந்தியா போய்விட்டார்கள்.

இந்தியா என்றால் எந்த ஊர்? கப்பலில் போனவர்களை வைக்கிற மண்டபம் முகாமுக்கு எழுதினேன். ஆள் வைத்து எழுதினேன். பதினொரு கடிதம். ஒரே ஒரு பதில்: குடும்பக் கார்டு நம்பர் இல்லாமல் தேட முடியாது. நம்பர் மூன்றாவது கடிதத்தில் இருந்தது. மூன்றாவது கடிதம் டாக்டரம்மாவின் மடியில் இருந்தது. கத்தரினா இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டாள். கதவு திறக்கவில்லை.

இனி 1978. அதற்குள் சிட்னியில் தமிழ்ச் சனம் கூடிவிட்டது. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சரஸ்வதி பூசை. தேத்தண்ணி போடும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். அவள் வருவாள் என்று தெரியும். முன்வரிசையில் பட்டுச் சேலையோடு இருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. தட்டில் எல்லோருக்கும் கப். அவளுக்கு முன்னால் அந்த ஜாம் போத்தலை வைத்தேன். ஏழு வருடம் கழுவிக் கழுவி வைத்திருந்தது.

"என்ன இது? கப் முடிஞ்சுதோ?"

"இல்லீங்க. இன்னும் முப்பது கப்பு இருக்கு."

"பின்னை?"

"ஒங்களுக்கு இதுதான். ஒங்க வீட்டுப் போத்தல்தான். நீங்கதான் எனக்கு ஊத்திக் குடுத்தீங்க. ஊத்திக் குடுத்துட்டுப் போன் போட்டீங்க."

பக்கத்தில் இருந்த ஒரு பொடியன், "அன்ரி, ஜாம் எண்டு நினைச்சுக் குடியுங்கோவன்," என்றான். சிரித்தவர்கள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"அந்த நாலு கடிதாசி எங்கங்க?"

"எந்தக் கடிதம்?" என்றாள். பிறகு நினைவு வந்தது. முகத்தில் பார்த்தேன். "அதோ? அதை அண்டைக்கே உம்மட மிஸிஸிட்டக் குடுத்திட்டன். அவையின்ர வீட்டுச் சாமான்தானே."

அவையின்ர வீட்டுச் சாமான், துரைசாணி வீட்டுச் சாமான். என் அக்கா எழுதியது. என் பிள்ளையின் நம்பர்.

"குடிங்க," என்றேன். "ஆறிடும்."

நான் நகரவில்லை. யாரும் நகரவில்லை. அவள் எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். பட்டுச் சேலையில் சிந்தியது. எழுந்து போய்விட்டாள்.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்டார்கள். பட்டேன். இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாளில் இருந்து அவளுடைய பதில்தான் காதில் கேட்கிறது, அந்த இரைச்சலோடு சேர்ந்து.

துரைசாணியை நான் விடவில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் மூன்றாவது வாரம் பதிவுத் தபாலில் என் சம்பளக் கணக்கு அனுப்புகிறேன். கூடவே ஒரு வரி: கடிதங்களைத் திருப்பித் தரவும். இந்த வருடத்தோடு எட்டு. எட்டு ரசீதிலும் அவள் கையெழுத்து. பதில் இல்லை. துரை செத்துவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று நான் பாயசம் வைத்தேன். மறைக்கவில்லை. துரைசாணி சாகக் கூடாது. நல்ல உடம்போடு நெடுநாள் இருக்க வேண்டும். செப்டம்பர் தோறும் தபால்காரன் அவள் கதவைத் தட்ட வேண்டும்.

தொலைந்தவை. மகள் ஒருத்தி, பூமணி. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. இப்போது பதினைந்து முடிந்திருக்கும். அக்கா பெயர் ராமாயி, அவள் புருஷன் பெயர் காத்தான், அவர்களோடு 1971 அக்டோபர் கடைசியில் தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். கண்டவர்கள் சொல்லவும். கடிதம் நாலு. இடது காது கேட்பதில் பாதி. ஒரு சிப்பாய், இருக்கிறானா இல்லையா தெரியாது. ஒரு நாயின் கண்ணில் நான் போட்ட தூள், அது என் பாவம், அதையும் எழுதுகிறேன்.

வரவேண்டியது. மாதம் இருபது டாலர், முப்பத்திரண்டு மாதம், அறுநூற்று நாற்பது. ஒரு கிறிஸ்மஸுக்குத் துரைசாணி இரண்டு டாலர் தந்தாள். கழித்துவிட்டேன். பூமணிக்கு அனுப்புவதாகச் சொன்னது மாதம் ஐம்பது ரூபாய், அதே முப்பத்திரண்டு மாதம்.

அறுநூற்று முப்பத்தெட்டு டாலர். ஆயிரத்து அறுநூறு ரூபாய்.